‘கன்கர்’ என்னும் ஆங்கில வினை: உடன்படுதலா, ஒரே இடத்தில் வந்து சேர்தலா?

தேன்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சில தீர்ப்புகளைப் பொதுவாசகர்களுக்காகத் தமிழில் சுருக்கி எழுதும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்புகளில் ஓயாமல் எதிர்ப்படும் வினை ‘கன்கர்’ (concur) என்பது. அகராதிகள் இதற்கு உடன்படு, இசை, ஒத்துக்கொள் என்று பொருள் தருகின்றன. ‘அக்ரீ’ என்ற வினைக்கும் ஏறத்தாழ இதே சொற்களைத்தான் தருகின்றன. ஆனால் தீர்ப்பு எழுதுபவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை என்பது படிக்கும்போதே புலப்படுகிறது. ஒரு நீதிபதி பெரும்பான்மைத் தீர்ப்புரையில் சேர்ந்துகொள்கிறார். இன்னொருவர் அதில் சேராமல், தீர்ப்பில் மட்டும் ‘கன்கர்’ செய்வதாகச் சொல்லிவிட்டுத் தமக்கென்று ஒரு நீண்ட உரையை எழுதுகிறார். உடன்பட்டவர் எதற்காகத் தனியே எழுத வேண்டும் என்ற கேள்வி வாசகருக்கு எழுமல்லவா?

இதே சொல்லின் பெயரடையான ‘கன்கரன்ட்’ என்பது வடிவியலில் ஒரு புள்ளியில் சந்திக்கும் கோடுகளைக் குறிக்கிறது. குற்றவியல் தீர்ப்பில் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டிய தண்டனைகளைக் குறிக்கிறது. கணினித் துறையில் ஒரே காலத்தில் நடைபெறும் பணிகளைக் குறிக்கிறது. இவற்றில் எங்கும் உடன்பாடு என்ற பொருள் இல்லை. இந்தச் சொல்லின் பிறப்பையும், அது உடன்பாட்டுப் பொருளுக்கு வந்து சேர்ந்த வழியையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சொல்வேட்டுவன் எழுதியது:

தேன்மொழி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட எல்லாப் பயன்பாடுகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால் வேரிலிருந்தே தொடங்குகிறேன்.

இலத்தீனில் ‘குர்ரெரே’ என்ற வினைக்கு ஓடுதல் என்று பொருள். அதன் முன் ‘சேர்ந்து, கூட’ என்று பொருள்தரும் ‘கொன்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘கொன்குர்ரெரே’ ஆயிற்று. பல திசைகளிலிருந்து ஓடிவந்து ஓரிடத்தில் கூடுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். அந்தப் பொருளின் நிழல் ஆங்கிலத்தில் இன்றும் அப்படியே நிற்பதை ‘கான்கோர்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லில் காணலாம். பெரிய இரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் எல்லா வழிகளிலிருந்தும் மக்கள் வந்து கூடுகின்ற அகன்ற மண்டபத்துக்கு அந்தப் பெயர்தான் வழங்குகிறது.

‘குர்ரெரே’ என்ற வேரின் பிள்ளைகள் நாம் தமிழில் அன்றாடம் புழங்குகிற சொற்களிலேயே நிறைய இருக்கின்றன. ஓடிக்கொண்டிருப்பது என்ற பொருளில் மின்சாரத்தைக் குறிக்கும் கரண்ட், கைமாறிக் கைமாறி ஓடுவதாகிய கரன்சி, ஓடுகளம் என்ற பொருளிலிருந்து படிப்புக்கு வந்த கோர்ஸ், ஓடிச் செய்தி சேர்ப்பவராகிய கூரியர், திரையில் ஓடுகின்ற கர்சர், இத்தாலியத்தின் வழியாக வந்த காரிடார் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம். நிகழ்தலைக் குறிக்கும் ‘அக்கர்’, திரும்ப நிகழ்தலைக் குறிக்கும் ‘ரிகர்’, செலவையோ இடரையோ தன்மேல் வரவழைத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘இன்கர்’ ஆகிய வினைகள் ‘கன்கர்’ என்பதன் உடன்பிறப்புகள். இன்னும் பின்னே சென்றால், தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஓடுதலைக் குறித்த அந்த வேரிலிருந்துதான் பண்டைய பிரான்ஸ் பகுதியில் வழங்கிய காலிய மொழி வழியாக இலத்தீனுக்குள் வந்த ‘கர்ருஸ்’ என்ற வண்டியின் பெயரும் பிறந்தது என்று சொல்லாய்வாளர்கள் கொள்கிறார்கள். நாம் ஓட்டுகின்ற கார் அதன் வழிவந்த பெயர்தான்.

ஆங்கிலத்தில் ‘கன்கர்’ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியபோது அதற்கு உடன்பாட்டுப் பொருள் இருக்கவில்லை. மோதுதல், பகைமையோடு ஒன்றன்மேல் ஒன்று பாய்தல் என்ற பொருளில்தான் அது முதலில் பதிவாகியிருக்கிறது. கருத்தால் ஒன்றுபடுதல், ஒரே காலத்தில் நிகழ்தல் என்ற இரு பொருள்களும் 16ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில்தான் தெளிவாகத் தென்படுகின்றன. மோதுதல் என்ற பொருள் பின்னர் முற்றிலும் வழக்கொழிந்துவிட்டது.

பரிதி எழுதியது:

நண்பர் சொல்வேட்டுவன் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சொல்லிவிட்ட செய்திதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. மோதலும் உடன்பாடும் நேர்மாறானவை. மோதலைக் குறித்த ஒரு சொல், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் காலத்தில் உடன்பாட்டைக் குறிக்கும் சொல்லாக எப்படி மாற முடியும்? இது பொருள் திரிபா, அல்லது இரு பொருள்களும் தொடக்கத்திலிருந்தே இருந்தனவா?

சொல்வேட்டுவன் எழுதியது:

பரிதி அவர்களே, இரு பொருள்களும் இலத்தீனிலேயே இருந்தன என்பதே விடை. ஓடிவந்து கூடுகிறவர்கள் எதற்காகக் கூடுகிறார்கள் என்பதை அந்த வினை சொல்வதில்லை. இரண்டு படைகள் எதிரெதிரே ஓடிவந்து ஒன்றோடொன்று கலந்தாலும் அது ‘கொன்குர்ரெரே’தான், உதவி கேட்டுக் கூக்குரலிட்டவரை நோக்கி ஊரார் ஓடிவந்தாலும் அதுவேதான். ஓட்டமும் சந்திப்பும் மட்டுமே சொல்லுக்குள் இருக்கின்றன. நட்பா பகையா என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கிறது.

இதன் விளைவு ஐரோப்பிய மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மிக அழகாகத் தெரியும். ஆங்கிலம் உடன்பாட்டுப் பக்கத்தைப் பற்றிக்கொண்டது. பிரெஞ்சு மொழி போட்டிப் பக்கத்தைப் பற்றிக்கொண்டது. பிரெஞ்சில் ‘கொங்குரான்ஸ்’ என்றால் வணிகப் போட்டி. ‘கொங்குரான்’ என்றால் போட்டியாளர். பல பேர் ஒரே இலக்கை நோக்கி ஓடிவருவதால் அவர்கள் போட்டியாளர்கள் ஆகிறார்கள். பணியிடங்களுக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் நடத்தப்படும் போட்டித் தேர்வை ‘கொங்கூர்’ என்கிறார்கள். ஜெர்மானியத்தில் ‘கொன்குரென்ஸ்’ என்பதும் போட்டிதான். ஸ்பானிய மொழியில் ‘கொன்குர்சோ’ என்பது போட்டி. ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவர் பிரெஞ்சு வணிகச் செய்தியில் இந்தச் சொல்லைக் கண்டு, இரு நிறுவனங்களும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டன என்று புரிந்துகொண்டால், உண்மைக்கு நேர்மாறான செய்தியைத்தான் பெறுவார். மொழிபெயர்ப்பாளர்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இது.

ஜெர்மானியத்தில் ‘கொன்குர்ஸ்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதன் பொருள் திவால் நிலை. கடன் கொடுத்தவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கடனாளியின் எஞ்சிய சொத்தை நோக்கி ஓடிவருகிறார்கள். கடன் கொடுத்தவர்களின் கூட்டோட்டம் என்று பொருள்படும் இலத்தீன் சட்டத்தொடரின் சுருக்கமே அந்தச் சொல். ஜெர்மனியில் 1877ஆம் ஆண்டின் திவால் சட்டம் இந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்டிருந்தது. 1999 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் வேறு பெயருடைய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் அச்சொல் இன்றும் சட்டச் சொல்லாகவே வழங்குகிறது. ஸ்பெயினிலும் திவால் நடவடிக்கைக்குக் கடன் கொடுத்தவர்களின் ‘கொன்குர்சோ’ என்றுதான் பெயர்.

இத்தனைக்கும் பிரெஞ்சு மொழி பழைய சந்திப்புப் பொருளை முழுவதும் கைவிட்டுவிடவில்லை. காப்பீட்டுப் பத்திரங்களிலும் வங்கி ஆவணங்களிலும் ‘இன்ன தொகை வரையில்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தத் தொகையின் ‘கொங்குரான்ஸ்’ வரை என்று எழுதுகிறார்கள். கணக்கு அந்தத் தொகையை எட்டிச் சந்திக்கும் இடம் வரை என்பது அதன் கருத்து.

மாறன் எழுதியது:

சொல்வேட்டுவன் தந்த செய்திகள் அருமையானவை. அவற்றின் மேல் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இவற்றைக் கொண்டு தேன்மொழி அவர்களின் கேள்விக்கு விடை சொல்ல முடியும் என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளுக்குச் சான்றாகாது. நம் மொழியில் ‘களிப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளுண்டு மயங்குதலே களித்தல். குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் அது அந்தப் பொருளில்தான் வருகிறது. இன்று குழந்தையின் களிப்பு என்று எழுதும் எவரும் மதுவை நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லை.

ஆங்கிலத்தின் உடன்பாட்டு வினைகள் எல்லாவற்றிலும் இதே நிலைதான். ‘அக்ரீ’ என்பது பழைய பிரெஞ்சில் ‘விருப்பப்படி’ என்ற தொடரிலிருந்து பிறந்தது. அதன் அடியில் இருப்பது இனியது, மனத்துக்கு உவப்பானது என்று பொருள்படும் இலத்தீன் ‘கிராட்டுஸ்’. கிரேஸ் மார்க் என்பதிலுள்ள கிரேஸும் அதன் வழித்தோன்றல்தான். ஆனால் இன்று ஒருவர் ஒரு கருத்துக்கு ‘அக்ரீ’ செய்வது அந்தக் கருத்து அவருக்கு இனிக்கிறது என்பதற்கு அடையாளம் அன்று; மிகுந்த மனக்கசப்போடும் ‘அக்ரீ’ செய்யலாம். அவ்வாறிருக்க, ‘கன்கர்’ செய்பவர் எங்கிருந்தோ ஓடிவருகிறார் என்று நாம் கருத வேண்டிய தேவை என்ன? மருத்துவர் ஒருவர் மற்றொரு மருத்துவரின் நோயறிதலுக்கு ‘கன்கர்’ என்று எழுதும்போது, அது ‘அக்ரீ’ என்பதன் சற்று முறைசார்ந்த வடிவம் மட்டுமே என்பது என் கருத்து. வேறுபாடு நடையில் இருக்கிறது, பொருளில் இல்லை.

நீதிமொழி எழுதியது:

மாறன் ஐயா, பிறப்பு வேறு, வழக்கு வேறு என்ற உங்கள் கொள்கையை நான் முழுமையாக மதிக்கிறேன். ஆகவே வேரை ஒரு பக்கம் வைத்துவிட்டு இன்றைய சொல்வழக்கை மட்டுமே சான்றாகக் கொண்டு பேசுகிறேன். வழக்கிலேயே இந்த வினைக்குத் தனித்தன்மை இருக்கிறது என்பதைத் தேன்மொழி அவர்கள் கேட்ட நீதிமன்ற வழக்காறே காட்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள். ஒரு வழக்கில் இரண்டு கேள்விகள் தனித்தனியே நிற்கின்றன: வெற்றி யாருக்கு என்பது ஒன்று, எந்தக் காரணத்தால் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை அந்த வழக்கின் தரப்பினரைக் கட்டுப்படுத்தும். இரண்டாவது கேள்விக்கான விடைதான் பிற்கால வழக்குகளைக் கட்டுப்படுத்தும். பெரும்பான்மைத் தீர்ப்புரையில் ‘சேர்ந்துகொள்ளும்’ நீதிபதி இரண்டையும் ஏற்கிறார். அவ்வாறு சேர்ந்துகொண்டபின் தாம் கூடுதலாகச் சொல்ல விரும்புவதைத் தனியே எழுதுபவரும் உண்டு. அதையும் ‘கன்கரிங்’ உரை என்றே சொல்வார்கள். ஆனால் ‘தீர்ப்பில் மட்டும் கன்கர்’ செய்பவர், வெற்றி யாருக்கு என்பதில் மற்றவர்களோடு ஒரே இடத்தில் நிற்கிறார். அங்கே அவர் வந்த வழி வேறு. அவர் தனியே எழுதுவது அந்த வழியைச் சொல்வதற்காகத்தான்.

இது வெறும் சம்பிரதாயமன்று. காரணங்களில் எதற்கும் 5 நீதிபதிகளின் ஆதரவு கிடைக்காமல், முடிவுக்கு மட்டும் பெரும்பான்மை கிடைத்துவிட்டால், கீழ் நீதிமன்றங்கள் எதைச் சட்டமாகக் கொள்வது? 1977ஆம் ஆண்டின் மார்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்தது: தீர்ப்பில் ‘கன்கர்’ செய்தவர்களுள் மிகக் குறுகிய காரணத்தைக் கொண்டவரின் நிலைப்பாடே நீதிமன்றத்தின் நிலைப்பாடாகக் கொள்ளப்படலாம் என்றது. ‘கன்கர்’ செய்த ஒரே ஒருவரின் உரை, அவரோடு வேறு எவரும் சேராத நிலையிலும், நாடு முழுமைக்கும் சட்டமாகிவிட அந்த விதி இடமளிக்கிறது.

தனி உரைகள் பெரும்பான்மை உரையைக் காட்டிலும் நீண்ட வாழ்வு பெற்றதும் உண்டு. குடியரசுத் தலைவர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது செல்லாது என்று 1952இல் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை உரையை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். ஆயினும் குடியரசுத் தலைவரின் அதிகாரம் எவ்வளவு என்று பின்வந்த நீதிமன்றங்கள் ஆராயும்போதெல்லாம் எடுத்து வைத்துக்கொள்வது, நீதிபதி இராபர்ட் ஜாக்சன் தம் ‘கன்கரிங்’ உரையில் வகுத்த முப்பகுப்பையே. 1967ஆம் ஆண்டின் கேட்ஸ் வழக்கு பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் பேசியவரின் உரையாடலை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பினர் (எஃப்.பி.ஐ.) ஒட்டுக் கேட்டது பற்றியது. அங்கும் தனியுரிமையை அளக்க இன்று எல்லோரும் கையாளும் அளவுகோல் நீதிபதி ஹார்லனின் ‘கன்கரிங்’ உரையிலிருந்து வந்ததுதான்.

மேலும் ஒரு சான்று. ஒருவரோடு ஒத்துப்போவதைச் சொல்லும்போது ஆங்கிலத்தார் ‘கன்கர் வித்’ என்கிறார்கள். முடிவையோ தீர்ப்பையோ சொல்லும்போது ‘கன்கர் இன்’ என்கிறார்கள். ஒரு வேண்டுகோளை ஏற்றுக்கொள்வதற்கு ‘அக்ரீ டு’ என்று இயல்பாகச் சொல்லும் அவர்கள், பொருள் விற்கச் சம்மதித்தேன், கூட்டத்துக்கு வரச் சம்மதித்தேன் என்ற இடங்களில் ‘கன்கர்’ என்பதைக் கையாள மாட்டார்கள். ஒரு முன்மொழிவுக்குத் தலையசைப்பது ‘கன்கர்’ அன்று. தானே எண்ணிப்பார்த்து, மற்றவர் நிற்கும் முடிவிலேயே தானும் நிற்பது ‘கன்கர்’. நீங்கள் காட்டிய மருத்துவர் எடுத்துக்காட்டும் இதற்கே துணைநிற்கிறது. இரண்டாவது மருத்துவர் நோயாளியைத் தாமே சோதித்துப் பார்த்திருக்கிறார் என்ற உறுதிப்பாடு இல்லாவிட்டால் அவருடைய ‘கன்கர்’ என்ற குறிப்புக்கு மதிப்பு ஏது?

மாறன் எழுதியது:

நீதிமொழி அவர்கள் உருபிடைச்சொற்களைக் கொண்டு காட்டிய வேறுபாடு வலுவானது; வழக்கிலிருந்தே வந்த சான்று என்பதால் அதை மதிக்கிறேன். என்றாலும் ஒரு தடை எழுப்புகிறேன். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 27ஆம் உறுப்பு, பாதுகாப்பு மன்றத்தின் நடைமுறை சாராத முடிவுகளுக்கு 9 உறுப்பினர்களின் ஆதரவு வாக்குகள் வேண்டும் என்றும், அவற்றுள் நிரந்தர உறுப்பினர்களின் ‘கன்கரிங்’ வாக்குகள் அடங்கியிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ‘கன்கர்’ செய்வது தானே எண்ணி அதே முடிவில் வந்து நிற்பது என்றால், வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கும் நிரந்தர உறுப்பினர் எந்த முடிவிலும் வந்து நிற்கவில்லை. அப்படியானால் தீர்மானம் தோற்க வேண்டும். நடைமுறையில் தோற்பதில்லை. ஆகவே அந்தச் சொல்லுக்கு நீங்கள் தரும் பொருள் அங்கே நிற்கவில்லை அல்லவா?

நீதிமொழி எழுதியது:

மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்த உறுப்பைச் சொல்லுக்குச் சொல் படித்தால் நீங்கள் சொல்வதுபோல்தான் பொருள் கொள்ள நேரும். சாசனத்தின் பிரெஞ்சு வடிவம் அந்த இடத்தில் ‘கன்கரிங்’ என்பதற்கு இணையான சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. நிரந்தர உறுப்பினர் அனைவரின் வாக்குகளும் அடங்கிய ஆதரவு என்கிறது. ஸ்பானிய வடிவம் இன்னும் வெளிப்படையாக, நிரந்தர உறுப்பினர் அனைவரின் ஆதரவு வாக்குகள் என்றே கூறுகிறது. எல்லா வடிவங்களும் சம அதிகாரம் உடையவை.

ஆனால் 1946ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே, ஸ்பெயின் குறித்த தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது சோவியத் ஒன்றியம் எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது, தீர்மானம் நிறைவேறியது. அந்த வழக்கம் தொடர்ந்து வேர்கொண்டது. 1970ஆம் ஆண்டின் ஒரு தீர்மானத்தில் நிரந்தர உறுப்பினர்கள் இருவர் ஒதுங்கியிருந்ததால் அது செல்லாது என்று தென்னாப்பிரிக்கா வாதிட்டது. நமீபியா பற்றிய 1971ஆம் ஆண்டின் கருத்துரையில் பன்னாட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை மறுத்தது. அது ‘கன்கர்’ என்ற வினையின் அகராதிப் பொருளில் ஒதுங்குதலும் அடங்கும் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். நிரந்தர உறுப்பினர் தாமாகவே ஒதுங்கியிருப்பது தீர்மானத்துக்குத் தடையாகாது என்று பாதுகாப்பு மன்றத்தின் உறுப்பினர்கள் நெடுங்காலமாக ஒரே சீராகப் பொருள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றும், அந்த நடைமுறை பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது என்றும்தான் சொன்னது. சொல் பின்வாங்கி நடைமுறைக்கு வழிவிட்ட இடம் அது. சொல்லின் பொருள் அத்தனை உறுதியாக இருந்திராவிட்டால் இப்படி ஒரு வழக்காடலே எழுந்திருக்காது.

கணக்காயன் எழுதியது:

தேன்மொழி அவர்கள் கேட்ட மற்ற துறைகளைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கணிதத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஒரு தளத்தில் இரண்டு நேர்கோடுகள் இணையாக இல்லாவிட்டால் எங்கோ ஓரிடத்தில் சந்தித்தே தீரும். அதில் வியப்பு இல்லை. மூன்றாவது கோடு, மற்ற இரண்டையும் கருதாமல் தன் விதிப்படி வரையப்பட்டு, அதே புள்ளியைத் தொட்டுச் செல்லுமானால் அது கவனத்துக்குரியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கோடுகள் அவ்வாறு சந்திப்பதையே ‘கன்கரன்ட்’ என்கிறோம். நம் பாடநூல்கள் ஒருபுள்ளி வழிக் கோடுகள் என்கின்றன. முக்கோணத்தின் மூன்று குத்துக்கோடுகளும் செங்கோட்டு மையத்தில் சந்திக்கின்றன. மூன்று நடுக்கோடுகளும் நடுக்கோட்டு மையத்தில் சந்திக்கின்றன. முனைகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையப்படும் மூன்று கோடுகள் எப்போது ஒரு புள்ளியில் சந்திக்கும் என்பதை 1678இல் ஜியோவன்னி சேவா ஒரு தேற்றமாகவே வெளியிட்டார். தீர்ப்பில் ‘கன்கர்’ செய்யும் நீதிபதியைப் பற்றி நீதிமொழி சொன்னது எனக்கு இந்தக் கோடுகளையே நினைவூட்டியது. சாய்வு வேறு, புறப்பட்ட முனை வேறு, புள்ளி ஒன்று.

தண்டனைகளைப் பற்றி ஒரு வரி போதும்: இரண்டு தண்டனைக் காலங்கள் ஒன்றாகவே ‘ஓடுகின்றன’ என்றுதான் ஆங்கிலச் சட்ட வழக்கும் சொல்கிறது. அந்த இடத்தில் வேர்ப்பொருள் மறையவே இல்லை. குற்றவியல் கோட்பாட்டில் குற்றச் செயலும் குற்ற மனமும் ஒரே வேளையில் கூடியிருக்க வேண்டும் என்பதற்கும் ‘கன்கரன்ஸ்’ என்றே பெயர்.

கணினியியலில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965இல் வெளியிட்ட சிறு கட்டுரை இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே கொண்டிருந்தது. பல செயல்முறைகள் ஒரே வளத்தை நாடி வரும்போது, ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே உள்ளே நுழையும்படி எப்படி உறுதி செய்வது என்பது அதன் சிக்கல். அங்கே ‘கன்கரன்ட்’ செயல்முறைகள் உடன்பட்டவை அல்ல. ஒரே வளத்துக்காக முட்டிக்கொள்ளக்கூடியவை. ஆங்கிலப் பொதுவழக்கில் என்றோ மறைந்துபோன மோதல் பொருளின் சாயலைக் கணினித் துறையில் நான் நாள்தோறும் காண்கிறேன். ஒரே செயலகம் (பிராசசர்) பல பணிகளை மாறி மாறி முன்னகர்த்தினாலும் அது ‘கன்கரன்ட்’தான், பல செயலகங்கள் உண்மையிலேயே ஒரே கணத்தில் இயங்கினால் மட்டுமே அதை ‘பேரலல்’ என்று சொல்வோம்.

தேன்மொழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்காயன் அவர்கள் சொன்ன மூன்றாவது கோட்டை நான் மறக்க மாட்டேன். இப்போது தமிழாக்கத்துக்கு வருகிறேன். உடன்படு என்ற சொல்லை ‘கன்கர்’ என்பதற்கு ஒதுக்கிவிட்டால், ‘கன்சென்ட்’, ‘அசென்ட்’, ‘அக்சீட்’, ‘ஆக்வியெஸ்’ ஆகியவற்றுக்கு என்ன சொல்வது? இவை அனைத்தும் சட்ட நூல்களில் அடுத்தடுத்து வருகின்றன.

சொல்வேட்டுவன் எழுதியது:

இந்த நான்கையும் பிரித்தறிய, யார் எந்த நிலையில் இருந்துகொண்டு ஏற்கிறார் என்று கேட்டுப் பார்ப்பதே நல்ல வழி.

‘கன்சென்ட்’ தருபவரிடம் மறுக்கும் உரிமை இருக்கிறது. அவர் இசைவு தராமல் மற்றவர் செயலில் இறங்க முடியாது. உடன் உணர்தல் என்பது அதன் வேர். இசைவு என்ற சொல் இதற்கு மிகப் பொருத்தம். ‘அசென்ட்’ என்பது முன்வைக்கப்பட்ட ஒன்றுக்கு முறைப்படி ஒப்பம் தெரிவித்தல். பிரிட்டனில் மசோதா சட்டமாவதற்கு முடியரசர் தருவது இதுதான். அரசர் அல்லது அரசி நேரில் வந்து அதைத் தரும் வழக்கம் 1854இல் விக்டோரியா அரசியோடு நின்றுவிட்டது. மருத்துவ ஆய்வுகளில் சிறார் பங்குபெறும்போது இந்த இரு சொற்களும் அழகாகப் பிரிந்து நிற்கின்றன: பெற்றோர் தருவது ‘கன்சென்ட்’, சிறுவரிடம் கேட்டுப் பெறுவது ‘அசென்ட்’. ‘அக்சீட்’ என்பது மற்றவர்கள் ஏற்கெனவே செய்துமுடித்த ஒப்பந்தத்தில் பின்னால் வந்து சேர்தல். நாடுகளுக்கிடையேயான உடன்படிக்கைகளின் விதிகளைக் கூறும் 1969ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் இதற்கென்று 15ஆம் உறுப்பை ஒதுக்கியிருக்கிறது.

‘ஆக்வியெஸ்’ என்பதுதான் இவற்றுள் ஆழ்ந்து நோக்க வேண்டியது. அதன் அடியில் ஓய்தல், அமைதியாகிவிடுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினை இருக்கிறது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுவதால் ஏற்படும் ஏற்பு அது. பிரே விகார் கோயில் வழக்கில் 1962இல் பன்னாட்டு நீதிமன்றம் கம்போடியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், கோயிலைக் கம்போடியப் பக்கத்தில் காட்டிய வரைபடத்துக்குத் தாய்லாந்து நெடுங்காலம் மறுப்புத் தெரிவிக்காமல் இருந்ததே. இந்த மௌன ஏற்புக்கும் ‘கன்கர்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவைப் பாருங்கள். ஒன்றில் ஆள் அசையவே இல்லை. மற்றொன்றில் ஓடிவந்து நிற்கிறார்.

நீதிமொழி எழுதியது:

தமிழ்ச் சொல்லைப் பொறுத்தவரை நன்னூல் நமக்கு இரண்டு இடங்களில் கைகொடுக்கிறது. நூலாசிரியர் கொள்ளத்தக்க ஏழு மதங்களை, அதாவது கருத்து நிலைகளை, சொல்லும் நூற்பாவில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது ‘உடன்படல்’. அதற்கு அடுத்தது ‘மறுத்தல்’. மூன்றாவது, பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல். அங்கே உடன்படுபவர் கட்டளைக்குப் பணிகிறவர் அல்லர். தாமும் ஓர் ஆசிரியராக இருந்து, ஆய்ந்து, பிறர் கொண்ட முடிவையே தம் முடிவாகவும் கொள்கிறவர். நீதிபதியின் ‘கன்கர்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது இடம் மூன்றாம் வேற்றுமை. ‘தந்தையொடு மகன் வந்தான்’ என்பதில் ஒடு உருபின் பொருளை நன்னூல் ‘உடனிகழ்வு’ என்கிறது. காலத்தால் ஒன்றுகூடும் ‘கன்கரன்ட்’ என்பதற்கு இந்தச் சொல் ஆயத்தமாக இருக்கிறது. கருத்தால் கூடுவது உடன்பாடு, காலத்தால் கூடுவது உடனிகழ்வு. ஆங்கிலத்தில் ‘கொன்’ என்ற முன்னொட்டு இரண்டையும் இணைப்பதுபோல் இங்கே ‘உடன்’ இரண்டையும் இணைக்கிறது.

தேன்மொழி எழுதியது:

அப்படியானால் என் சுருக்கத்தில் இவ்வாறு எழுத எண்ணியிருக்கிறேன். பெரும்பான்மை உரையில் சேர்பவருக்கு, ‘தீர்ப்புரையில் இணைகிறார்’. அதில் சேராமல் முடிவை மட்டும் ஏற்பவருக்கு, ‘தீர்ப்பின் முடிவில் உடன்பட்டு, காரணங்களைத் தனியே எழுதுகிறார்’. ஒரு பகுதியை ஏற்று மற்றொரு பகுதியை ஏற்காதவருக்கு, ‘ஒரு பகுதியில் உடன்பட்டும் ஒரு பகுதியில் மறுத்தும் எழுதுகிறார்’. மாறன் அவர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

மாறன் எழுதியது:

மூன்றும் நன்று. இரண்டாவது தொடரில் ‘முடிவில்’ என்ற சொல்லை ‘இறுதியாக’ என்று எவரேனும் மயங்கக்கூடும் என்பதால், ‘தீர்ப்பின் முடிவுக்கு மட்டும் உடன்பட்டு’ என்று மாற்றினால் ஐயத்துக்கு இடமிருக்காது. பொதுவழக்கில் ‘கன்கர்’ பெரும்பாலும் ‘அக்ரீ’ என்பதன் முறைசார்ந்த இணையாகவே வருகிறது என்ற என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. ஆகவே நாளிதழ்க் கட்டுரைகளில் வரும்போது ‘ஒத்துக்கொண்டார்’ என்று எழுதுவதில் தவறில்லை. தீர்ப்புகளில் நீதிமொழி சொன்ன வேறுபாட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

பரிதி எழுதியது:

ஒரு சிறு ஐயம். இதன் இறந்தகால வடிவத்தை எழுதும்போது ‘ஆர்’ எழுத்தை இரட்டிக்க வேண்டுமா?

சொல்வேட்டுவன் எழுதியது:

இரட்டிக்க வேண்டும். அழுத்தம் இரண்டாவது அசையில் விழுவதால் இறந்தகால வடிவத்திலும் நிகழ்கால எச்ச வடிவத்திலும் இரண்டு ‘ஆர்’ வரும்; ‘அக்கர்’, ‘ரிகர்’, ‘இன்கர்’ ஆகியவற்றுக்கும் அதுவே விதி. அழுத்தம் முதல் அசையில் விழும் ‘ஆஃபர்’, ‘சஃபர்’ போன்றவற்றில் இரட்டிப்பதில்லை. ‘கன்கரன்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லில் இலத்தீனின் இரட்டை ‘ஆர்’ அப்படியே நிற்கிறது.